அம்மாவுக்கு ஒரு தட்டு: அலங்காரச் சாமான்களில் எது உழைக்கிறது, எது இடத்தை அடைக்கிறது

உணவைத் தட்டில் அழகாக அடுக்குவதற்கென்றே 'பிளேட்டிங் செட்' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். திறந்தால் இரண்டு மூன்று எவர்சில்வர் வளையங்கள், நீளமான இடுக்கி, கழுத்து வளைந்த கத்தி, கூர்மூக்கு பாட்டில்கள், சாஸ் தீட்டும் பிரஷ், பூ வடிவ அச்சுகள் என்று வரிசையாக இருக்கும். அம்மாவின் பிறந்தநாளுக்கோ, காரணமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கோ வீட்டில் சமைத்ததைக் கொஞ்சம் அழகாக வைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்தப் பெட்டியில் உருப்படியானவை மூன்று: வளையம், பாட்டில், வளைந்த கத்தி. மற்றவை செய்யும் வேலையை அடுக்களை டிராயரில் கிடக்கும் கரண்டியும் டீ வடிகட்டியும் செய்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமான தட்டு அந்தப் பெட்டியிலேயே இல்லை.

உணவகத்தில் ஒரு தட்டை முடிக்க இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். வீட்டில் அடுப்பைப் பார்க்கும் அதே இரண்டு கைதான் தட்டையும் பார்க்க வேண்டும். அதனால் இங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரே பரீட்சைதான். சூடு ஆறுவதற்குள், மிஞ்சிப் போனால் மூன்று நிமிடத்துக்குள், அதை வைத்து ஏதாவது செய்ய முடிகிறதா? முடியாவிட்டால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். அழகாக அடுக்கிய ஆறிப்போன சாப்பாட்டை அம்மா 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லித்தான் சாப்பிடுவார். அந்தப் பாராட்டை நம்பக் கூடாது.

தட்டு

தட்டு வாங்கும்போது எல்லாரும் பார்ப்பது மொத்த விட்டத்தை. பார்க்க வேண்டியது உள்வட்டத்தை. 27 செ.மீ. தட்டில் சுற்றிலும் 4 செ.மீ. விளிம்பு போனால் நடுவில் 19 செ.மீ. சமதளம் மிஞ்சும். ஒருவர் சாப்பாட்டுக்கு அது கச்சிதம். விளிம்பே இல்லாமல் ஓரம் மெல்ல மேலெழும் தட்டுகள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு அடி லேசாகக் குழிந்திருக்கும். இடப்பக்கம் போட்ட சாஸ் கோடு இரண்டு நிமிடத்தில் நடுவுக்கு ஓடிக் குளம் கட்டிவிடும். வாங்கும் முன் ஒரு ஸ்கேலை உள்தரையின் குறுக்கே, அதன் ஓரம் கீழே படும்படி நிறுத்திப் பாருங்கள். நடுவில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தட்டு சாஸுக்கு ஆகாது. குழம்பாக, ஈரமாக இருப்பவற்றுக்குத் தனியாக 23 செ.மீ. அகலமும் 4 செ.மீ. ஆழமும் உள்ள பரந்த கிண்ணத் தட்டு ஒன்று இருந்தால் போதும்.

பெரிய தட்டுதான் ஆடம்பரம் என்று நினைத்து 30 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களில் ஒன்றைப் பெரிய வளையத்துக்குள்ளும் மற்றதை இறுக்கமான வளையத்துக்குள்ளும் வைத்தால், பெரியதற்குள் இருப்பது சிறுத்துத் தெரியும். பெல்ஜியத்து அறிஞர் ஜோசப் டெல்போஃப் 1865-இல் எழுதிவைத்த கண்மயக்கம் இது. ராட்சதத் தட்டில் அளவாக வைத்த சாப்பாடு கஞ்சத்தனமாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட இன்னும் அள்ளி வைத்தால் அம்மாவால் சாப்பிட முடியாது. உள்வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் போதும். விளிம்பில் ஒரு துளியும் ஏறக் கூடாது.

நிறத்துக்கு வருவோம். 'வெள்ளைத் தட்டு எதற்கும் பொருந்தும்' என்பது பாதி உண்மை. ஒரே ஸ்ட்ராபெர்ரி மூஸை (நுரைபோன்ற இனிப்பு) வெள்ளைத் தட்டிலும் கறுப்புத் தட்டிலும் வைத்துச் சுவைக்கக் கொடுத்தபோது, வெள்ளையில் வைத்தது அதிக இனிப்பாகத் தெரிந்தது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். சிவப்பு, பச்சை, பழுப்பு நிற உணவுக்கு வெள்ளை எடுப்பாகவே இருக்கும். சோறு, மசித்த உருளைக்கிழங்கு, வெள்ளை மீன், காலிஃபிளவர் ஆகியவை வெள்ளைத் தட்டில் காணாமல் போய்விடும்.

இதில் பலர் மறப்பது, சாப்பிடப்போவது யாருடைய கண் என்பதை. வயதாக ஆக விழியாடி (கண்ணின் லென்ஸ்) மஞ்சள் பூக்கும், கண்மணி சிறுக்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேரும் என்பது பார்வையியலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிர்நிற நுணுக்கம் அம்மாவுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் வெளிர்நிறச் சாப்பாட்டுக்கு அடர்நீலமோ கரும்சாம்பலோ எடுங்கள். ஒரே ஒரு தட்டுதான் வாங்க முடியும் என்றால், வெள்ளை உள்தரையும் கருநிற விளிம்புக் கோடும் உள்ளதை எடுக்கலாம். எங்கே தட்டு முடிகிறது என்பதாவது தெளிவாகத் தெரியும்.

பளபளப்பில்லாத மேட் பூச்சு இப்போது எங்கும் கிடைக்கிறது. பார்வைக்கு உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் பூச்சின் மேற்பரப்பு சொரசொரப்பு என்பதால் முள்கரண்டியும் கத்தியும் தேயும் இடமெல்லாம் சாம்பல் கோடு விழும். அது தட்டில் விழுந்த கீறல் அல்ல, கரண்டியின் உலோகம் ஒட்டிக்கொண்டது. பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் மறுபடி வரும். தினசரிப் பயன்பாட்டுக்கு வழவழப்பான பூச்சே மேல்.

எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். கெட்டியான ஸ்டோன்வேர் தட்டு ஒரு கிலோவை நெருங்குவதுண்டு. போன் சைனா என்ற மெல்லிய பீங்கான் அதே விட்டத்தில் கணிசமாக இலேசு. மணிக்கட்டு வலி உள்ளவர் தட்டை நகர்த்தவே யோசிப்பார். பொன் விளிம்புத் தட்டு வைத்திருப்பவர்கள் அதை மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள். உலோகப் பூச்சு பொறி கிளப்பும், கோடும் கருகிப்போகும்.

கருங்கல் பலகையில் பரிமாறுவது பற்றி ஒரே வரி: விளிம்பு கிடையாது, எண்ணெயை உறிஞ்சும், கத்தி பட்டால் பல் கூசும்.

சூடான தட்டு, காசில்லாத அலங்காரம்

தட்டைச் சூடாக்குவது அலங்காரத்தில் சேராது என்று தோன்றலாம். ஆனால் அடுக்க நேரம் கொடுப்பதே அதுதான். 700 கிராம் பீங்கான் தட்டு 25 டிகிரியில் இருக்கிறது, அதில் 75 டிகிரியில் உள்ள 350 கிராம் சாப்பாட்டை வைக்கிறோம் என்று கொள்வோம். ஒரு கிராம் பீங்கான் பிடித்துக்கொள்ளும் சூடு, ஒரு கிராம் உணவு பிடிப்பதில் ஏறக்குறைய கால் பங்கு. தட்டு முழுவதும் சூட்டை வாங்கிக்கொண்டால் இரண்டும் 59 டிகிரி அருகே வந்து நிற்கும். விளிம்பு அவ்வளவு சூடேறாது என்பதால் நடைமுறையில் இழப்பு கொஞ்சம் குறையும், காற்றில் போவது தனிக்கணக்கு. அதே தட்டை 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருந்தால் சாப்பாடு 70-இல் நிற்கும். அந்தப் பதினொரு டிகிரிதான் சாஸ் கோடு போடவும், இலை வைக்கவும், விளிம்பு துடைக்கவும் கிடைக்கும் அவகாசம்.

ஓவனில் 70 டிகிரி வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஓவன் இல்லையென்றால் கொதித்து இறக்கிய தண்ணீரைத் தட்டில் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, கொட்டிவிட்டு ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் சாஸ் நீர்த்துப் பரவும். மெல்லிய விரிசல் உள்ள தட்டையும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டையும் இப்படிச் செய்தால் தெறித்துவிடலாம். மேசையில் வைக்கும்போது துணி பிடித்து வையுங்கள், 'தட்டு சூடு' என்று வாய்விட்டும் சொல்லுங்கள். சாலட்டுக்கும் குளிர்ந்த இனிப்புக்கும் இதற்கு நேர்மாறு: தட்டு ஃபிரிட்ஜில் பதினைந்து நிமிடம்.

வளையம்

பெட்டியில் உள்ளவற்றில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். சிதறிக் கிடக்கும் சாப்பாட்டுக்கு ஓர் உருவம் தருவதால் 'வீட்டில் செய்தது' என்ற தோற்றமே மாறிவிடும். 8 செ.மீ. விட்டமும் 4 செ.மீ. உயரமும் உள்ள வளையம் வாங்குங்கள். கொள்ளளவு 200 மி.லி., அழுத்திய சோறு சுமார் 160 கிராம் பிடிக்கும். 5 செ.மீ. வளையம் தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்கு மட்டும். 10 செ.மீ. வளையத்தில் அதே அளவு சாப்பாடு சுமார் 2.5 செ.மீ. உயரம்தான் நிற்கும், பரத்திவைத்த மாதிரி ஆகிவிடும்.

விலையில் வித்தியாசம் இருப்பது இணைப்பில். தகட்டைச் சுருட்டி ஒட்டிய இடத்தில் உள்பக்கமாக நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அந்த இடத்தில் சாப்பாடும் மாட்டும். வளையத்தைத் தூக்கும்போது சரியாக அந்த இடத்தில் ஒரு பள்ளம் பிய்ந்து வரும். உடன் வரும் அழுத்துத் தட்டும் முக்கியம். அது வளையத்துக்குள் ஆடாமல், உரசாமல் இறங்க வேண்டும். அது இல்லாத செட் என்றால் தட்டையான அடியுள்ள சிறிய டம்ளர் பார்த்துக்கொள்ளும்.

செய்முறை எளிது, வரிசை மாறக் கூடாது. வளையத்தின் உள்பக்கம் எண்ணெயை மெல்லத் தடவி, சாப்பாடு கடைசியில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே தட்டில் வைத்துவிடுங்கள். பிறகு நகர்த்த முடியாது. மூன்று தடவையாக நிரப்புங்கள். ஒவ்வொரு தடவையும் கரண்டியின் பின்புறத்தால் ஓரத்தில் அழுத்தமாகவும் நடுவில் இலேசாகவும் அமுக்க வேண்டும். ஓரம்தான் சுவர், நடுப்பகுதி எப்படி இருந்தாலும் நிற்கும். எல்லா இடத்தையும் ஒரேயடியாகக் குத்தி அமுக்கினால் சோறு களிமண் மாதிரி ஆகிவிடும். அரை நிமிடம் விட்டு, அழுத்துத் தட்டால் மேலிருந்து பிடித்துக்கொண்டு வளையத்தைக் கால்வாசி திருகி நேராக மேலே எடுங்கள். சாய்த்து எடுத்தால் ஒரு பக்கம் சரியும்.

சரிந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, ஆறிய சோறு. மாவுச்சத்து ஆறும்போது இறுகி, பருக்கை பருக்கையாகப் பிரியும். நீளமான, உதிரியான அரிசியில் இது இன்னும் மோசம். சூடாக இருக்கும்போதே நிரப்புங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயோ கெட்டியான சாஸோ பிசறுங்கள். இரண்டாவது, ஈரம். வெள்ளரி, தக்காளி போன்றவற்றைப் பொடியாக நறுக்கியதும் கால் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் சல்லடையில் விடாவிட்டால், வளையத்தை எடுத்த மறுநிமிடம் அடியில் தண்ணீர் வட்டம் கட்டும். உப்புப் போட்டதால் பிறகு சேர்க்கும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வளையம் வாங்க மனமில்லாதவர்களுக்கு டின்னின் இரு மூடியையும் வெட்டி எடுக்கச் சொல்லும் யோசனை பல இடங்களில் சுற்றுகிறது. இப்போதைய டின்கள் பலவற்றின் அடி வளைந்து ஒரே தகடாக இருப்பதால் ஓப்பனர் பிடிக்காது. பிடித்தாலும் வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும். பக்கம் நேராக உள்ள சின்னக் கிண்ணத்தைத் தண்ணீரில் நனைத்து, சோற்றை அமுக்கிக் கவிழ்த்தால் முக்கால்வாசி அழகு வந்துவிடும். அடுக்கடுக்காக வைப்பதற்கு மட்டும்தான் வளையம் இல்லாமல் முடியாது.

உயரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். 6 செ.மீ.க்கு மேல் போன கோபுரம் முதல் கரண்டியிலேயே இடியும், மேசைவிரிப்பில் சிந்தும், சிந்தியவர் சங்கடப்படுவார். கோபுரம் நிற்பதற்காக உள்ளே டூத்பிக் செருகுகிறார்களே, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத குச்சி சாப்பாட்டுக்குள் இருக்கக் கூடாது.

கூர்மூக்கு பாட்டில்

அமுக்கினால் சாஸ் வரும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில். 120 மி.லி. போதும். பெரிய பாட்டிலில் கொஞ்சம் சாஸ் ஊற்றினால் அமுக்கும்போது காற்றுதான் முதலில் வரும், தட்டெல்லாம் தெறிக்கும். நல்ல பாட்டில் அமுக்கிவிட்டதும் சட்டென்று பழைய உருவத்துக்கு வரும். கடினமான பிளாஸ்டிக்கில் அந்தக் கட்டுப்பாடு கிடைக்காது. மூக்கின் துளை 2 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும். பல பாட்டில்களில் நுனி மூடியே வரும். ஒரேயடியாக வெட்டாமல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பாருங்கள், பெரிதாகிப்போன துளையைச் சின்னதாக்க வழியில்லை.

பாட்டிலைக் குறை சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பிரச்சினை சாஸில் இருக்கிறது. ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். துளியைச் சுற்றித் தண்ணீர் மட்டும் தனியாகப் பிரிந்து ஓடினால் சாஸ் கட்டுப்படவில்லை. 100 மி.லி.க்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம் சோள மாவை ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் சாஸில் ஊற்றிக் கிளறி ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதி வராமல் இறக்கினால் பச்சை மாவு வாசனை நிற்கும், கெட்டிப்படவும் செய்யாது. வெகுநேரம் கொதித்தால் கெட்டிப்பட்டது மறுபடி நீர்க்கும். பழச்சாஸுக்குச் சோள மாவைவிடச் சுண்டவைப்பதே நல்லது, நிறம் கலங்காது. சாந்தன் கம் என்ற தூளைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. 100 மி.லி.க்கு 0.2 கிராம்தான் தேவை. அதை நிறுக்கும் தராசு வீட்டில் இல்லாதவர்கள் போட்டால் சாஸ் சளியாகிவிடும்.

பாட்டிலில் ஊற்றும் முன் சாஸை வடிகட்டியே ஆக வேண்டும். ஒரே ஒரு மிளகுத் துணுக்கு மூக்கை அடைக்கும். அடைத்ததும் கை தானாக இன்னும் அமுக்கும், அடைப்பு விடுபடும்போது ஒரு கரண்டி சாஸ் கொட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடாதீர்கள், ஆவி அழுத்தத்தில் மூடி பிடுங்கிக்கொள்ளும். பாட்டிலைச் சூடாக வைக்க, கைபொறுக்கும் வெந்நீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்தி வைக்கலாம்.

எதை வரைவது? வரையவே வேண்டாம். கிறுக்கல் கோடு, வலை, இதயம் எல்லாம் தட்டைக் கூட்டமாக்கும். பெரியது, நடுத்தரம், சின்னது என்று அளவு குறையும் துளிகளை ஒரு வளைவில் போட்டு, சாப்பாட்டை அந்த வளைவின் உள்பக்கம் வையுங்கள். முதலில் அடியில் சாஸ், அதன்மேல் சாப்பாடு என்பது இன்னும் பாதுகாப்பான வழி. மொறுமொறுப்பாக வறுத்ததன் மேல் சாஸ் ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும், அடியில் போட்டால் மேல்பக்கமாவது தப்பிக்கும். ஒரே தட்டில் இரண்டு சாஸுக்கு மேல் வேண்டாம்.

பாட்டில் வேண்டாம் என்பவர்களுக்கு ஆழமான மேசைக்கரண்டி. ஒரு கரண்டி கெட்டியான சாஸையோ மசித்த உருளைக்கிழங்கையோ தட்டில் போட்டு, கரண்டியின் முதுகை நடுவில் வைத்து ஒரே இழுப்பில் வளைத்து இழுத்தால் வால் நட்சத்திரம் போல விழும். தயங்கித் தயங்கி இழுத்தால் படிக்கட்டு விழும். கோடு பிசிறினால் மசித்தது கெட்டியாக இருக்கிறது, ஒரு மேசைக்கரண்டி சூடான பால் சேருங்கள்.

மற்றவை, சீக்கிரமாக

வளைந்த கத்தி: கைப்பிடியிலிருந்து படிக்கட்டு போல இறங்கும் 10, 12 செ.மீ. தகடு. மீன் துண்டையும் கேக் துண்டையும் உடைக்காமல் தூக்கி வைக்க இதற்கு மாற்று இல்லை. கேக்கின் மேல் கிரீம் சமன் செய்யவும் ஆகும். தகடு மெல்ல வளைய வேண்டும், தொளதொளவென்று ஆடக் கூடாது. வாங்கலாம்.

இடுக்கி: நீளம் 20 செ.மீ.க்கு மேல், நுனி ஊசி மாதிரி. சின்ன இலையைக் குறிப்பிட்ட இடத்தில் வைக்க மட்டும். கழுவிய விரல் போதாதா?

சாஸ் பிரஷ்: மயிர் உதிரும். வேண்டாம்.

பூ, நட்சத்திர அச்சுகள்: சமைக்காத கேரட்டை வெட்டும்போது பிளாஸ்டிக் அச்சு வளைந்துகொள்ளும். உலோக அச்சாக இருந்து, கேரட் 3 மி.மீ. கனத்தில் இருந்தால் வெட்டும். வெட்டிய பிறகு மிஞ்சும் கேரட்டைச் சூப்பில் போட வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நுண்துருவி: தச்சர்களின் அரமாக வந்து அடுக்களைக்குள் நுழைந்த மைக்ரோபிளேன் வகை. செட்டில் வராது, தனியாக வாங்கத் தகும். எலுமிச்சைத் தோலின் மஞ்சளையும், சீஸையும், ஜாதிக்காயையும் பனி போலத் தூவ முடியும். ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் தேய்த்தால் தோலுக்கு அடியில் உள்ள வெள்ளை வரும், கசக்கும். விரல் நுனியும் வரும், எச்சரிக்கை.

பைப்பிங் பேக் (கிரீம் பிழியும் பை): மசித்த உருளைக்கிழங்கை நட்சத்திர மூக்கு வழியாகப் பிழிந்தால் பார்க்கப் பிரமாதம். ஆனால் கிழங்கைச் சல்லடையில் தேய்த்து எடுத்திருக்க வேண்டும், ஒரு கட்டி போதும் அடைக்க. மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து வெளியேறிப் பசையாகிவிடும். மூக்கின் வாய் 1 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

சின்னச் சல்லடை: டீ வடிகட்டியே போதும். கேக்கின்மேல் பொடித்த சர்க்கரை, கோகோ தூவுவதற்கு. காகிதத்தில் ஓர் உருவம் வெட்டி மேலே வைத்துத் தூவி எடுத்தால் கோலமாக விழும். ஈரமான இனிப்பின்மேல் சர்க்கரை சில நிமிடத்தில் கரைந்து மறையும், அதனால் மேசைக்கு எடுத்துப்போகும் முன்புதான் தூவ வேண்டும்.

இலை, பூ, தங்கம்

பச்சை தூவுவதற்கு ஒரு விதி: அந்தப் பதார்த்தத்துக்குள் இல்லாத சுவையை மேலே வைக்காதீர்கள். இனிப்பின்மேல் புதினா சரி, மீன் மேலும் அதே புதினா ஏன்? இலைகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் விறைத்து நிற்கும். துடைக்காமல் வைத்தால் சாஸில் தண்ணீர் சொட்டும். வெங்காயத்தாளை நீளவாக்கில் நூலாகக் கீறி அதே தண்ணீரில் அரைமணி விட்டால் சுருண்டுகொள்ளும். தோல்சீவியால் வெள்ளரியையும் கேரட்டையும் நாடாவாகச் சீவி மடித்து வைத்தால் கடையில் விற்கும் எந்த அச்சும் அதற்கு ஈடாகாது.

பீன்ஸ், பட்டாணி, பிராக்கோலி பச்சையாகவே இருக்க, ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து உடனே பனிக்கட்டித் தண்ணீருக்கு மாற்றுங்கள். மூடி போட வேண்டாம். எலுமிச்சைச் சாற்றைப் பரிமாறும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், புளிப்பு பட்டால் பச்சையம் சிதைந்து காய் பழுப்புப் பச்சையாகிவிடும். இறைச்சி என்றால் அடுப்பிலிருந்து எடுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, நாருக்குக் குறுக்காக வெட்டுங்கள். உடனே வெட்டினால் சாறு வழிந்து, கஷ்டப்பட்டுப் போட்ட சாஸ் துளிகளையெல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

பூ வைக்க ஆசைப்படுபவர்கள் உணவுக்கென்று வளர்த்த பூவை மட்டும் வாங்குங்கள். பூங்கொத்துக் கடைப் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம். அரளியும் ஹைட்ரேஞ்சியாவும் விஷம், அவற்றைத் தட்டின் ஓரத்தில்கூட வைக்காதீர்கள். மினுமினுப்புத் தூள் வாங்கும்போது உறையைப் படியுங்கள். 'நச்சற்றது' என்பதும் 'உண்ணத்தக்கது' என்பதும் ஒன்றல்ல, முதலாவது வெறும் பிளாஸ்டிக் தூளாக இருக்கலாம். தங்க இதழும் அப்படியே. உணவுக்கான தங்கத்தில் இ175 என்ற குறியீடு இருக்கும். கைவினைக் கடையில் கிடைக்கும் பொன்னிற இதழ் பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும். உண்மையான தங்கத்துக்கும் சுவை கிடையாது, வாங்கியே ஆக வேண்டிய பொருள் இல்லை.

மேசை

விளக்குக்குச் செலவிடலாம். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள (மஞ்சள் சாயல் வெளிச்சம்), சிஆர்ஐ, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, 90-க்கு மேலான பல்பு ஒன்றை மேசைக்கு மேலே மாட்டினால் தக்காளி சிவப்பாகவும் கீரை பச்சையாகவும் தெரியும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் இறைச்சி சாம்பலாகத் தெரியும். மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிட்டு விளக்கை அணைக்கும் வழக்கம் படத்துக்கு நன்றாக இருக்கலாம். வயதான கண்ணுக்கு அது மீன் முள்ளைத் தேடும் வெளிச்சம் அல்ல. வர்த்தி வைத்தால் விளக்கும் எரியட்டும். வாசனை வர்த்தி கூடவே கூடாது, சாப்பாட்டின் மணத்தை அது விழுங்கிவிடும். பூச்சாடி 25 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் முகம் மறையும். துணி நாப்கின் 45 செ.மீ. சதுரம், பருத்தி. பாலியஸ்டர் பளபளக்கும், துடைக்காது.

பரிமாறும் முன் கடைசிப் பத்து நிமிடத்தை இப்படி ஒதுக்குங்கள். தட்டு ஓவனில் சூடாகிக்கொண்டிருக்கும்போதே சாஸ் பாட்டில் வெந்நீரில், இலைகள் துடைத்துத் தயாராக, வளையம் எண்ணெய் தடவி, ஈரத் துணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தட்டை வெளியே எடுக்க வேண்டும். சாஸ், அதன்மேல் வளையத்தில் சோறோ கிழங்கோ, அதில் சாய்த்து மீனோ இறைச்சியோ, பக்கத்தில் காய், கடைசியாக இலை. தண்ணீரும் வினிகரும் சம அளவு கலந்து நனைத்துப் பிழிந்த துணியால் விளிம்பை ஒரே சுற்றில் துடையுங்கள். டிஷ்யூ பேப்பர் பஞ்சு விட்டுவிடும்.

மேசையில் வைக்கும்போது உயரமான பகுதி அவருக்கு எதிர்ப்புறம், தட்டையான பகுதி அவர் பக்கம் இருக்க வேண்டும். வெட்டிச் சாப்பிட வேண்டியது அவர் கை எட்டும் பக்கத்தில் இருக்கட்டும். அம்மா இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் மொத்தத் தட்டையும் மனத்தில் திருப்பிப் போட்டு அடுக்க வேண்டும், கரண்டியையும் தண்ணீர் டம்ளரையும் சேர்த்து.